நம்பலை, மறுபடி செய்!

உலகத்துக்கே யதார்த்த நடிப்பைச் சொல்லிக்கொடுத்த கான்ஸ்டன்டின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, முதன்முதலில் மேடையேறிய அன்று மேடையைக் கொளுத்தினார். அலங்காரப் பேச்சு இல்லை. நிஜமாகவே தீப்பிடித்தது.

அப்போது அவருக்கு மூன்று, நான்கு வயது இருக்கும். மாஸ்கோவுக்கு வெளியே லியுபிமோவ்காவில் அப்பாவுக்கு ஒரு பண்ணை வீடு. அங்கே ஒரு விசேஷத்துக்குக் குழந்தைகளை நான்கு பருவங்களாக வேஷம் கட்டி நிறுத்தினார்கள். நம் ஆளுக்குக் குளிர்காலம். முகத்தில் வெள்ளைத் தாடி, காலடியில் பனிக்குப் பதில் பஞ்சு. எதிரே சுள்ளிகளுக்கு நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, அதுதான் கணப்பு. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, நெருப்பில் வைக்கிற மாதிரி பாவனை செய்தால் போதும், நிஜமாக வைத்துவிடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

பையனுக்குக் குழப்பம். கையில் இருப்பது நிஜக் குச்சி. எரிவது நிஜ நெருப்பு. நடுவில் பாவனைக்கு என்ன வேலை? வைத்தான். பஞ்சு சும்மா இருக்குமா? குபீரென்று பற்றிக்கொள்ள, குளிர்காலத்தை அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் செம டோஸ். நாடக உலகம் அன்றைக்கே உஷாராகியிருக்கலாம். ஆகவில்லை. அடுத்த எழுபது வருஷம் அதன் பலனை அனுபவித்தது.

ஜரிகைக் கடலில் ஒரு கலைத் தாகம்

1863-ல் பிறந்தபோது அவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இல்லை. கான்ஸ்டன்டின் செர்கேயெவிச் அலெக்ஸெயெவ். அலெக்ஸெயெவ் குடும்பம் தங்க, வெள்ளி ஜரிகை தயாரிப்பில் கொழுத்த குடும்பம். பாதிரியார் அங்கியிலும் ராணுவ உடுப்பிலும் ஜரிகை பளபளத்த காலம் அது. காசுக்குப் பஞ்சமே இல்லை.

பிள்ளை நாடகம் நாடகம் என்று அலைந்தால் பணக்கார அப்பா என்ன செய்வார்? சொத்தில் பங்கில்லை என்று மிரட்டுவார், அல்லது கல்யாணம் செய்துவைப்பார். செர்கேய் அலெக்ஸெயெவ் ஒரு தியேட்டரே கட்டிக் கொடுத்துவிட்டார். 1877-ல் பண்ணை வீட்டின் ஒரு பகுதி அரங்கமானது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து 'அலெக்ஸெயெவ் வட்டம்' ஆனார்கள். பார்வையாளர்களும் சொந்தக்காரர்கள்தான், எழுந்துபோக வழியில்லை.

அந்த வருஷமே பதினான்கு வயது கான்ஸ்டன்டின் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அன்று தான் நடித்ததில் என்னென்ன சொதப்பல் என்று எழுத ஆரம்பித்தார். அந்த வயதில் மேடையேறுகிற பையன் கைதட்டலை எண்ணுவான். இவர் குறையை எண்ணினார். சாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. பின்னால் வரப்போகும் அத்தனை கலாட்டாவுக்கும் மூலகாரணம் இந்த நோட்டுதான்.

குடும்பமே பைத்தியம் என்பதற்கு 1887 ஒரு சாட்சி. ஜப்பானில் நடப்பதாகச் சொல்லப்படும் 'மிகாடோ' என்ற ஆங்கில இசை நாடகத்தை வீட்டில் போடத் தீர்மானித்தார்கள். போட்டால் அப்படியே ஜப்பானாக இருக்க வேண்டுமே? மாஸ்கோவுக்கு வந்திருந்த ஜப்பானிய வித்தைக்காரர் குடும்பத்தை வீட்டுக்கு வரவழைத்தார்கள். எப்படி நடப்பது, எப்படிக் குனிவது, விசிறியை எப்படிப் பிரிப்பது என்று வகுப்பு. வீட்டுப் பெண்கள் முழங்கால் வரை காலைக் கட்டிக்கொண்டு குறுநடை பழகினார்கள். அந்த நாடகம் வெள்ளைக்காரர்கள் தங்களையே கிண்டலடித்துக்கொள்ள எழுதியது. ஜப்பானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரஷ்யக் குடும்பம் அதில் அசல் ஜப்பானைத் தேடிக் களைத்தது.

பெயர் எப்போது மாறியது? 1885-ல். கம்பெனி முதலாளி பகலில் கணக்குப் பார்க்கிறார், ராத்திரி கண்ட கண்ட குழுக்களோடு கண்ட கண்ட கேலி நாடகங்களில் நடிக்கிறார் என்று ஊர் பேசக் கூடாது. அதனால் போலந்து வாடை வீசும் ஒரு புனைபெயரைப் பிடித்தார். இந்தப் பெயருக்குப் பின்னால் யார் தன்னைத் தேடப்போகிறார்கள் என்ற தெம்பு. ஒருநாள் கொஞ்சம் ஏடாகூடமான பிரெஞ்சு நாடகத்தில், கையில் பூங்கொத்தும் வாயில் சுருட்டுமாக மிடுக்காக நுழைகிறார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே பாக்ஸில் அப்பா, அம்மா, வீட்டு ஆசிரியை எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் அப்பா ரகளை செய்யவில்லை. நடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒழுங்கான குழுவும் ஒழுங்கான நாடகமும் பார்த்துக்கொள், கண்டவனோடு கண்ட குப்பையில் நடிக்காதே என்றார். மகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு 1888-ல் கலை இலக்கியச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார். சங்கத்துக்குச் செலவு? ஜரிகைதான்.

பாதாள அறையில் ஒரு ஜலதோஷம்

சங்கத்தில் புஷ்கினின் கஞ்சப் பிரபு வேஷம் கிடைத்தது. பாதாள அறையில் தங்கப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து புலம்புகிற கிழவன். வேஷம் பிடிபடவில்லை. அந்தச் சமயம் பிரான்ஸில் விஷீ பக்கம் போயிருந்தவர், அங்கே ஒரு பழைய கோட்டையைப் பார்த்தார். மூளையில் பல்பு எரிந்தது. காவலாளியிடம் கேட்டு, கோட்டையின் பாதாள அறையில் தன்னை வைத்துச் சில மணி நேரம் பூட்டச் சொன்னார்.

இருட்டு, ஈரம், எலி எல்லாம் இருந்தன. கஞ்சப் பிரபு மட்டும் வரவில்லை. வெளியே வந்தபோது கையிருப்பு கடுமையான ஜலதோஷமும், முன்பைவிடப் பெரிய மனக்கசப்பும். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். வேஷத்துக்காகச் சுடுகாட்டில் படுத்தேன், சிறையில் தூங்கினேன் என்று பேட்டி கொடுக்கிற நடிகர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் ஏனோ படிப்பதில்லை.

அதே சமயத்தில் இன்னொரு வேஷம் கேட்காமலே பலித்தது. ஷில்லர் நாடகம் ஒன்றில் மரியா லிலினா என்ற நடிகையோடு காதலனாக நடித்தார். முத்தக் காட்சி ரொம்ப இயல்பாக இருக்கிறதே என்று பார்த்தவர்கள் பேச ஆரம்பித்த பிறகுதான் இருவருக்கும் விஷயம் தெரிந்தது. 1889-ல் கல்யாணம். நிஜ உணர்ச்சியைத் தேடி ஆயுள் முழுக்க அலைந்தவருக்கு, நிஜ உணர்ச்சி மேடையில் வந்தபோது அது நிஜம் என்று ஊரார்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1890-ல் ஜெர்மனியின் மைனிங்கன் நாடகக் குழு மாஸ்கோவுக்கு வந்தது. அதன் இயக்குநர் குரோனெக் கடிகாரத்தைப் பார்த்து, மணியை அடித்து, ஒத்திகையைத் தொடங்குவார். எதிர்த்துப் பேச யாரும் கிடையாது. நம் ஆள் சொக்கிப்போனார். இயக்குநர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! அன்றிலிருந்து அவரும் சர்வாதிகாரிதான். எந்த வசனத்தில் எந்த விரல் அசைய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருவார். நடிகர் சொன்னபடி அசைக்க வேண்டும். இருட்டான அரங்கிலிருந்து "நம்பலை!" என்று ஒரு குரல் வந்தால், மறுபடி முதலிலிருந்து. அந்த ஒற்றைச் சொல்லுக்கு ரஷ்ய நடிகர்கள் இரண்டு தலைமுறை நடுங்கினார்கள்.

பதினெட்டு மணி நேர மதிய உணவு

நாடக ஆசிரியர் விளாதிமிர் நெமிரோவிச் தான்சென்கோ இவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். 1897 ஜூன் 22, பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி. மாஸ்கோவில் 'ஸ்லாவியான்ஸ்கி பஜார்' உணவகம். பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். ராத்திரி ஆகி, உணவகத்திலிருந்து கிளம்பி, லியுபிமோவ்கா வீட்டுக்குப் போய், மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் பேச்சு முடிந்தது. பதினெட்டு மணி நேரம். உலக நாடக வரலாற்றிலேயே மிக நீளமான மதிய உணவு இதுதான்.

பேசி முடித்தபோது ஒரு தியேட்டரே பிறந்திருந்தது. அடிதடிக்கும் அப்போதே அடித்தளம் போட்டுவிட்டார்கள்: எந்த நாடகம் என்பதில் கடைசி வார்த்தை நெமிரோவிச்சுக்கு, எப்படிப் போடுவது என்பதில் கடைசி வார்த்தை ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு. இரண்டையும் எங்கே பிரிப்பது என்று பதினெட்டு மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை. பிற்பாடு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத அளவுக்குப் போனதற்கு வித்து இங்கேதான்.

1898 கோடையில் புஷ்கினோ என்ற ஊரில் ஒரு கொட்டகையில் ஒத்திகை. வேலையாள் வைக்கவில்லை. பெருக்குவது, தேநீர் போடுவது எல்லாம் நடிகர்களே முறைபோட்டுச் செய்ய வேண்டும். முன்மாதிரியாக முதல் முறை முதலாளியுடையது. சமோவாரில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டு நெருப்பை மட்டும் போட்டார். சமோவார் உருகிப்போனது. நெருப்போடு அவருக்கு அப்படி ஒரு ராசி.

அக்டோபரில் மாஸ்கோ கலை அரங்கம் திறந்தது. முதல் நாடகம் 'ஜார் ஃபியோதர்'. பழைய துணி, பழைய பாத்திரம் என்று ஊர் ஊராகப் போய், சந்தை சந்தையாக அலைந்து வாங்கி வந்து மேடையில் நிரப்பினார்கள். அரங்கம் நிறைந்தது. கஜானா நிறையவில்லை. ஒரு பெரிய வெற்றி அவசரமாகத் தேவைப்பட்டது.

தவளைகள் நடித்த நாடகம்

இங்கே மேடைக்கு வருகிறார் டாக்டர் அந்தோன் செகாவ். அவருடைய 'கடற்பறவை' 1896-ல் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி. இனி நாடகமே எழுதுவதில்லை என்று செகாவ் சபதம் போட்டிருந்தார். அந்த நாடகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் நெமிரோவிச். ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கோ நாடகம் புரியவே இல்லை. புரியாத நாடகத்துக்கு, ஊருக்குப் போய் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக இயக்கக் குறிப்பு எழுதி அனுப்பினார். எங்கே புரியவில்லையோ அங்கே ஒரு தவளையைக் கத்தவிட்டார். தவளை போதாத இடத்தில் நாய், நாய் போதாத இடத்தில் சில்வண்டு.

ஒத்திகைக்கு வந்த செகாவிடம் ஒரு நடிகர் பெருமையாக இதைச் சொன்னார். எதற்கு இதெல்லாம் என்று செகாவ் கேட்க, யதார்த்தம் என்று பதில் வந்தது. ஓவியத்தில் வரைந்த மூக்கை வெட்டி எடுத்துவிட்டு அங்கே நிஜ மூக்கைச் செருகினால், மூக்கு நிஜம்தான், படம் என்ன ஆகும் என்று கேட்டாராம் செகாவ். இன்னொரு நாள், பறவை, நாய், கடிகாரம், சில்வண்டு எதுவும் சத்தம் போடாத அமைதியான இடத்தில் தொடங்குகிற ஒரு நாடகம் எழுதப்போவதாக, ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் காதில் விழும்படி யாரிடமோ சொன்னார்.

1898 டிசம்பரில் அரங்கேற்றம். நடிகர்கள் நடுக்கம் தெளிய மருந்துச் சொட்டு குடித்துவிட்டு மேடையேறினார்கள். பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் ஒரு கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. முதல் அங்கம் முடிந்து திரை விழுந்தது. சத்தமே இல்லை. ஒலி எழுப்புவதற்கென்றே இத்தனை ஏற்பாடு செய்திருந்த நாடகத்தில் மயான அமைதி. போச்சு என்று ஒரு நடிகை அழத் தொடங்க, அப்போதுதான் அரங்கம் வெடித்தது. ஆர்ப்பாட்டம், கட்டிப்பிடித்தல், யால்டாவில் இருந்த செகாவுக்குத் தந்தி. கடற்பறவை அந்த அரங்கின் சின்னமாகத் திரையில் ஏறியது.

செகாவ் பின்னால் அதை நேரில் பார்த்தார். ஸ்டானிஸ்லாவ்ஸ்கி எழுத்தாளன் வேஷத்தில் வெள்ளை வெளேரென்ற உடையில் ஜொலித்தார். அருமையாக நடிக்கிறீர்கள், ஆனால் அது நான் எழுதிய ஆள் இல்லை என்றார் செகாவ். அந்த ஆளுக்குக் கட்டம்போட்ட காற்சட்டையும் ஓட்டை விழுந்த செருப்பும் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அதை யோசித்து யோசித்தே ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு ரொம்ப காலம் ஓடியது.

1904-ல் 'செர்ரித் தோட்டம்'. எழுதியது நகைச்சுவை நாடகம் என்று செகாவ் தலையில் அடித்துக்கொள்கிறார். படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன், இது சோகநாடகம் என்று இயக்குநர் எழுத்தாளருக்கே கடிதம் போடுகிறார். மேடையில் ரயில் விடலாமா, தவளை கத்தலாமா என்று வேறு கேட்கிறார். ஒரு சத்தமும் இல்லாமல் ரயில் விட முடிந்தால் தாராளமாக விடுங்கள் என்றார் செகாவ். அறுவடை சமயத்தில் தவளை கத்தாது என்ற பருவநிலைத் தகவலையும் சேர்த்துக் கொடுத்தார். பன்னிரண்டு நிமிஷத்தில் முடிய வேண்டிய அங்கத்தை நாற்பது நிமிஷம் இழுக்கிறார்கள் என்று புலம்பிய செகாவ், அதே வருஷம் காலமானார். நாடகத்துக்கும் அவருடைய சாவுக்கும் சம்பந்தமில்லை, காசநோய்.

சிகாகோ யோகியும் பிராணக் கதிரும்

1906 கோடை. பின்லாந்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஸ்டானிஸ்லாவ்ஸ்கி யோசித்தார். ஊரே கொண்டாடுகிறது. ஐரோப்பா கைதட்டுகிறது. ஆனால் டாக்டர் ஸ்டாக்மான் என்ற தன் புகழ்பெற்ற வேஷத்தை இப்போது செய்யும்போது உள்ளே ஒன்றுமே இல்லை. பழகிய கை பழகிய இடத்தில் அசைகிறது, பழகிய முகம் பழகிய இடத்தில் சுருங்குகிறது. ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தையை நாற்பத்துமூன்று வயதில் தனக்கே சொல்லிக்கொண்டார்: நம்பலை.

அதற்குப் பிறகு வந்ததுதான் புகழ்பெற்ற 'சிஸ்டம்'. உணர்ச்சி வரட்டும் என்று காத்திராமல், அதை வரவழைக்க வழி கண்டுபிடிப்பது. கவனத்தைச் சிறு வட்டத்துக்குள் குவிப்பது, தசையைத் தளர்த்துவது, பழைய நினைவைக் கிளறுவது, பாத்திரத்துக்கு இந்த நொடியில் என்ன வேண்டும் என்று கேட்பது. 1909-ல் துர்கேனெவின் 'கிராமத்தில் ஒரு மாதம்' நாடகத்தில் இதைச் சோதித்தார். அவருடைய நடிகர்களே சிரித்தார்கள். பத்து வருஷமாக நன்றாக நடித்துக்கொண்டிருந்தவர்களை உட்காரவைத்து மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்? வெறுத்துப்போய் 1912-ல் இளம்பிள்ளைகளை வைத்து ஒரு ஸ்டுடியோ தொடங்கினார். அவர்கள் நம்பினார்கள். வேறு வேலை கிடைத்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் நம் பாரத தேசத்துக்கும் ஒரு பங்கு வருகிறது, ஒரு மாதிரியாக. ஸ்டுடியோவில் நடிகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பிராணனைக் கதிராக அனுப்பும் பயிற்சி நடந்தது. ஹடயோகம், பிராணன் எல்லாம் எங்கிருந்து? யோகி ராமசரக என்பவரின் புத்தகங்களிலிருந்து. யார் அந்த மகான்? இமயமலைக்காரர் இல்லை, காசிக்காரர் இல்லை. வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்ற அமெரிக்க வக்கீல்; சிகாகோவில் உட்கார்ந்து அந்தப் பெயரில் எழுதித் தள்ளினார். ஆக, அமெரிக்கர் எழுதிய இந்திய ஞானம் ரஷ்ய நடிகரைச் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி அமெரிக்காவுக்கே போகப்போகிறது. நடுவில் சோவியத் தணிக்கை அதிகாரிகள் புத்தகங்களில் இருந்த யோகத்தையும் பிராணனையும் வெட்டி எடுத்தார்கள். பொதுவுடைமை அரசில் பிராணன் மட்டும் தனியுடைமையாக இருக்கலாமா?

இதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து கோர்டன் கிரெய்க்கை வரவழைத்து 'ஹாம்லெட்' போட்டார்கள். நடிகரே தேவையில்லை, பெரிய பொம்மை போதும் என்று எழுதியவர் கிரெய்க். நடிகரின் ஆன்மாவுக்குள் புகுந்து தேடுகிறவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. பொருத்தம் பார்த்த புண்ணியவதி நடனக்கலைஞர் இசடோரா டங்கன். மூன்று வருஷ இழுபறிக்குப் பிறகு 1912 ஜனவரியில் மேடையேறியது. கிரெய்க் வடிவமைத்த பிரம்மாண்டமான நகரும் மறைப்புகள் காட்சி தொடங்கும் முன் சரிந்து விழுந்தன என்று ஸ்டானிஸ்லாவ்ஸ்கி எழுதினார். அப்படி நடக்கவே இல்லை என்று கிரெய்க் கொதித்தார். பொம்மைகளை வைத்து நடத்தியிருந்தால் இந்தச் சர்ச்சைக்குச் சாட்சியே இருந்திருக்காது.

முதலாளிக்கு வேஷம் இல்லை

1917-ல் இரண்டு புரட்சி நடந்தது என்று சரித்திரம் சொல்லும். கலை அரங்கில் அதற்கும் சேர்த்து மூன்று. தஸ்தயேவ்ஸ்கி கதையிலிருந்து எடுத்த 'ஸ்தெபான்சிகோவோ கிராமம்' நாடகத்தில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு ஒரு வேஷம். சிஸ்டப்படி தோண்டினார், தோண்டினார். 150-க்கும் மேற்பட்ட ஒத்திகைகள். வேஷம் வெளியே வரவில்லை. கடைசியில் நெமிரோவிச் அவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டார். தான் தொடங்கிய அரங்கில், தான் கண்டுபிடித்த முறையில், தானே தேறவில்லை. அழுதார், மறுபேச்சுப் பேசவில்லை. அதற்குப் பிறகு பழைய வேஷங்களைத் தொடர்ந்தாரே தவிர, புதிய வேஷங்களை உருவாக்குவதை ஏறக்குறைய விட்டேவிட்டார்.

சில மாதங்களில் லெனின் வந்தார். ஜரிகை ஆலை அரசுடைமை ஆனது. முதலாளியாகப் பிறந்தவர் சம்பளக்காரர் ஆனார். அரங்கில் புதிய பார்வையாளர்கள்: உழைப்பாளிகள், சிப்பாய்கள். இலவச டிக்கெட்டில் வந்து, கொட்டையை உடைத்துத் தின்றுகொண்டு, புகைத்துக்கொண்டு செகாவ் பார்த்தார்கள். ஸ்டானிஸ்லாவ்ஸ்கி திரைக்கு முன்னால் வந்து, கொஞ்சம் அமைதியாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தவளைச் சத்தத்தை மேடையில் விட்டவருக்கு, சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தது.

1923 ஜனவரியில் குழு நியூயார்க் போய் இறங்கியது. ஒரு சொல்லும் புரியாத அமெரிக்கர்கள் ரஷ்ய மொழி நாடகத்தைப் பார்த்து உருகினார்கள். கையில் டாலர் வேண்டும் என்பதற்காக ஸ்டானிஸ்லாவ்ஸ்கி எழுதிக்கொடுத்த சுயசரிதை 1924-ல் பாஸ்டனில் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது. ரஷ்யர்கள் இரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

அமெரிக்கப் பங்காளிச் சண்டை

ஸ்டுடியோவின் பழைய மாணவர் போலெஸ்லாவ்ஸ்கி அமெரிக்காவிலேயே தங்கி, சிஸ்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் கையில் இருந்தது பழைய சிஸ்டம். சொந்த வாழ்க்கையின் துக்கத்தைத் தோண்டி எடுத்து மேடையில் அழும் பாடம் அதில் தூக்கல். அவரிடம் படித்தவர்களில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் ஒருவர், ஸ்டெல்லா ஆட்லர் ஒருவர். இருவரும் பிறகு 1931-ல் தொடங்கிய குரூப் தியேட்டரில் ஒன்றாக இருந்தார்கள். ஸ்ட்ராஸ்பெர்க் நடிகர்களை அழவைத்தார். ஆட்லருக்கு அழுது அழுது அலுத்துப்போனது.

1934-ல் ஆட்லர் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே பிடித்துவிட்டார். உங்களால்தான் எனக்கு நாடகமே வெறுத்துவிட்டது என்று முகத்துக்கு நேராகப் புகார். கிழவர் கோபப்படவில்லை. ஐந்து வாரம் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். பழைய துக்கத்தைத் தோண்டுவதையெல்லாம் நான் எப்போதோ பின்னுக்குத் தள்ளிவிட்டேன். பாத்திரம் என்ன செய்கிறது, எந்தச் சூழ்நிலையில் செய்கிறது என்று பார், உணர்ச்சி தானாகப் பின்னால் வரும் என்றார். ஆட்லர் ஊர் திரும்பி இதைப் போட்டு உடைத்தார். மூலவரே மாறினாலும் நான் மாற மாட்டேன் என்கிற நிலைக்குப் போனார் ஸ்ட்ராஸ்பெர்க். அன்று மூண்டது வரப்புத் தகராறு. தாத்தா உயிரோடு உட்கார்ந்திருக்க, பேரப்பிள்ளைகள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் ஆட்லரிடம் பயின்ற மார்லன் பிராண்டோ, மறுபக்கம் ஸ்ட்ராஸ்பெர்க் தலைமையில் ஆக்டர்ஸ் ஸ்டுடியோ, அங்கே வந்து உட்கார்ந்த மர்லின் மன்றோ. ஹாலிவுட் இருவருக்கும் சம்பளம் கொடுத்தது.

குழப்பத்தில் பதிப்பகமும் தன் பங்கைச் செய்தது. உள்மனப் பயிற்சி, உடல் குரல் பயிற்சி இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்பது ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் ஆசை. ஆங்கிலத்தில் மனம் 1936-ல் வந்தது. உடல் 1949-ல்தான் வந்தது. நடுவில் பதின்மூன்று வருஷம் அமெரிக்க நடிகர்கள் மனத்தை மட்டும் வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள்.

வீட்டுக் காவலில் ஒரு சகாப்தம்

1928-ல் கலை அரங்கின் முப்பதாண்டு விழா. 'மூன்று சகோதரிகள்' நாடகத்தின் முதல் அங்கத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அங்கத்தை முடித்துவிட்டுத்தான் விழுந்தார். நடிப்பு வாழ்க்கை அதோடு சரி. மிச்சக் காலம் பெரும்பாலும் லெயோன்தியெவ் சந்து வீட்டில். அங்கேயே ஒத்திகை, அங்கேயே வகுப்பு.

அந்த ஒத்திகைகள் எப்படி நடந்தன என்று தெரிய வேண்டுமானால் மிகயீல் புல்ககோவைக் கேட்க வேண்டும். அவருடைய 'மோலியேர்' நாடகம் சுமார் நான்கு வருஷம் ஒத்திகையில் கிடந்து, கைமாறி, 1936-ல் மேடையேறி, ஏழே காட்சிகளில் தூக்கப்பட்டது. கடுப்பில் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார் புல்ககோவ். அதில் ஒரு கிழ இயக்குநர், காதலி எதிரில் இருக்கும்போது காதல் வெளிப்பட வேண்டுமென்று நடிகரைச் சைக்கிள் ஓட்டச் சொல்லிச் சுற்றிச் சுற்றி வரவைப்பார். பெயர் வேறு, ஆள் யார் என்று மாஸ்கோவுக்கே தெரியும். நாவல் 1965-ல்தான் அச்சேறியது.

ஸ்டாலின் காலத்தில் கலை அரங்கம் அரசின் செல்லப்பிள்ளை. பட்டம், பரிசு, தெருவுக்கே அவர் பெயர். எல்லாரும் இவரைப் பார்த்து நடியுங்கள் என்று உத்தரவு. தன் முறையைத் தானே தினமும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மனிதரை, சந்தேகப்படக் கூடாத வேதமாக்கிவிட்டது அரசு.

இந்த நாடகத்தில் கிண்டலடிக்க முடியாத ஓர் இடம் உண்டு. மேயர்ஹோல்ட், 'கடற்பறவை'யில் நடித்த பழைய சீடர். 1902-ல் குருவைவிட்டுப் பிரிந்து, யதார்த்தத்தையே எதிர்த்து வேறொரு நாடகத்தை உருவாக்கியவர். 1938 ஜனவரியில் அவருடைய தியேட்டரை அரசு மூடியது. தெரிந்தவர்களும் ஒதுங்கிக்கொண்ட அந்த நேரத்தில், வியாதிக்காரக் கிழவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி அவரை அழைத்துத் தன் இசைநாடக அரங்கில் வேலை கொடுத்தார். ஆயுள் முழுக்க எதிர்த்த ஆளுக்குக் கொடுத்த வேலை அது. ஆகஸ்ட் 7 அன்று ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இறந்தார். அடுத்த வருஷம் மேயர்ஹோல்ட் கைதானார். 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று நம்மூர் சினிமாப் பேட்டிகளிலும் 'மெத்தட் ஆக்டிங்' சர்வசாதாரணம். பத்துக் கிலோ ஏறினேன், இருபது கிலோ இறங்கினேன், மூன்று மாசம் யாரோடும் பேசவில்லை என்று பட்டியல் வருகிறது. பழி மட்டும் ரஷ்யக் கிழவர் தலையில். அவரோ பாதாள அறையில் பூட்டிக்கொள்வதை ஒரு ஜலதோஷத்தோடு கைகழுவியவர். சர்வாதிகார இயக்கத்தைக் கைவிட்டார், தவளைகளைக் கைவிட்டார், நினைவைத் தோண்டுவதைப் பின்னுக்குத் தள்ளினார், சாகும் வருஷத்தில் எழுபத்தைந்து வயதில் வேறு வழியில் 'தார்த்துஃப்' ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். அவர் விட்டுப்போனது ஒரு முறை இல்லை, தன் முறையையே திருத்திக்கொண்டிருக்கும் பழக்கம். சீடர்கள் ஆளுக்கொரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு அதுதான் முழு ஸ்டானிஸ்லாவ்ஸ்கி என்றார்கள். ஆகவே, இனி யாராவது ஸ்டானிஸ்லாவ்ஸ்கி முறைப்படி நடித்தேன் என்று உங்களிடம் மார்தட்டினால், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வருஷத்து ஸ்டானிஸ்லாவ்ஸ்கி?